வஹீதா வீட்டு மண்

மண்ணூர்பேட்டையில் வஹீதுன்னிசா என்கிற வஹீதா கட்டிய வீட்டுக்குப் பின்சுவர்தான் வினை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் நட்டு, போல்ட் செய்கிற கம்பெனி இருந்தது. இரும்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ ஏதோ கெமிக்கல் வைத்திருந்தார்கள். கழுவியதைக் கொல்லையில் குழி வெட்டி ஊற்றிவிட்டு, ஒருநாள் கம்பெனிக்குப் பூட்டைப் போட்டுவிட்டு மகராசன்கள் கிளம்பிப் போனார்கள். ஊற்றியது மட்டும் போகவில்லை. மண்ணுக்குள் இறங்கி, சுவருக்கு அடியில் நுழைந்து, வஹீதா வீட்டுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டது.

வெயில் காலத்தில் அவ்வளவாகத் தெரியாது. மழை விழுந்தால் போச்சு. தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இறங்க, உள்ளே கிடந்த ஆவி போக்கிடம் இல்லாமல் தரை வெடிப்பு வழியாகவும் கொல்லைக் கதவிடுக்கு வழியாகவும் வீட்டுக்குள் ஏறும். பெயிண்ட் தின்னரில் வெல்லப்பாகைக் கலந்த மாதிரி ஒரு நாற்றம். தலை இடிக்கும், பிள்ளைகளுக்கு வாந்தி வரும். வஹீதாவிடம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டில் வாடை ஏறிவிட்டது என்று தெருப்பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஊரே மழைக்கு ஏங்குகிறபோது, வானம் கறுத்தால் வஹீதா மட்டும் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்வாள்.

கணவன் நஜீர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் முடிவாகத்தான் பேசுவான்.

"திருநின்றவூர்ல ஒரு ஊடு பாத்து வச்சிகீறேன். அடுத்த மழைக்கும் நாத்தம் வந்துச்சினா பூட்டிகினு போயிடலாம் வஹீதா. புள்ளைங்க நல்லா இருக்கணும்."

முழங்கால் வீங்க வீங்கத் தையல் மிஷின் மிதித்து அவள் எழுப்பிய வீடு அது. அதை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய கம்பெனி மண்ணைச் சுத்தம் செய்ய அரசாங்கம் அனுப்பிய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நிவேதிதா என்கிற பெண் இன்ஜினியர் வஹீதாவின் கொல்லையிலும் குழாய் இறக்க அனுமதி கேட்டு வந்தாள்.

"மண்ணைப் போய் யாரும்மா துவைப்பாங்க?" என்றாள் வஹீதா.

"துவைக்கல அக்கா, சுட வைக்கப் போறோம். ஒரு குழாய்ல சூடான காத்தை உள்ள அனுப்புவோம். அடியில இருக்குற கெமிக்கல் ஆவியாகும். பக்கத்துக் குழாய்ல அந்த ஆவியை உறிஞ்சி எடுத்துடுவோம்."

ஈரத் துணிமேல் இஸ்திரிப் பெட்டி வைத்தால் ஆவி வருமே, அதுதான் சங்கதி என்று வஹீதாவுக்குப் பிடிபட்டது. ஆனால் பூமிக்கே இஸ்திரி போடுவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

மார்கழியில் சூடான காற்றை அனுப்பும் மிஷின் ஓடத் தொடங்கியது. ஒரு காலையில் வெறுங்காலோடு கொல்லையில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊரே குளிரில் நடுங்க, அவள் காலடி மண் வெதுவெதுவென்று இருந்தது. எங்கிருந்தோ வந்த தெருநாய்கள் குழாய்களைச் சுற்றிச் சொகுசாகத் தூங்கின. குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டதுபோல இருந்தது. பயமும் வந்தது, கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

இன்னொரு நாள், உறிஞ்சிய ஆவியைக் குளிரவைத்துப் பிடித்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொண்டுவந்து காட்டினாள் நிவேதிதா. பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. இத்தனை வருஷம் வீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு பிள்ளைகளைப் படுத்தியது இதுதானா என்று வஹீதா பிரமித்துப் போனாள். கண்ணுக்குத் தெரியாததை வெறும் காற்றை விட்டு வெளியே இழுத்துவிட்டார்களே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

சித்திரை கழிந்ததும் குழாய்களைக் கழற்றினார்கள். ஆவியை அளக்கிற மீட்டர் சுத்தம் என்று காட்டியது. நஜீர் அதை நம்பவில்லை. "மழை வரட்டும்" என்றான்.

ஆனி மாதத்து மத்தியானம் ஒன்றில் வந்தது. முதல் துளி விழுந்ததுமே வஹீதா ஓடி ஜன்னல்களை அடைத்தாள், கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்தாள். நஜீர் நடுவீட்டில் நின்று அவள் முகத்தையே பார்த்தான். கொஞ்ச நேரத்தில், துணியையும் மீறி ஒரு வாசனை உள்ளே வந்தது. வஹீதா நிவேதிதாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், பழைய நாத்தம் இல்ல, இது வேற. மண்ணைக் கிளறி இன்னாத்தையோ உட்டுட்டீங்க. இப்பவே வாங்க."

அம்பத்தூர் ஆபீஸிலிருந்து நிவேதிதா நனைந்துகொண்டே வந்தாள். தரை வெடிப்பில், மூலையில், கதவடியில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. பிறகு மூச்சை இழுத்தவள், ஒரு மாதிரியாக வஹீதாவைப் பார்த்தாள்.

"எப்படி வாசனை வருதுன்னு நீங்களே சொல்லுங்க அக்கா."

"இன்னான்னு சொல்றது? குளுமையா... புதுப் பானையில தண்ணி ஊத்தினா வருமே..."

பாதியில் பேச்சு நின்றது. இந்த வீட்டுக்கு வந்த நாளாய் மழை நேரத்தில் அவள் மூக்குக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரே நாற்றம்தான். அது இல்லாத இடத்தில் வந்து நின்றது எது என்று இப்போதுதான் புரிந்தது. உதட்டைக் கடித்தும் அடங்காமல் அழுகை வந்துவிட்டது.

"இத்தினி நாளா எங்க இருந்துச்சும்மா இது?"

"இங்கதான் அக்கா, இதே மண்ணுல."

நஜீர் போனை எடுத்துத் திருநின்றவூர் வீட்டுக்காரரிடம் பேசினான். ஊடு வேணாம் பாய், வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க என்றான். அதற்குள் வஹீதா கதவிடுக்கிலிருந்த துணிகளையெல்லாம் உருவி எறிந்து, கொல்லைக் கதவை விரியத் திறந்திருந்தாள். சாரல் நடுவீடு வரைக்கும் அடித்தது. பழக்கதோஷத்தில் நஜீர் கதவைச் சாத்தப் போனான்.

"மூடாதீங்க" என்றாள் வஹீதா. "வரட்டும்."