கதவருகே ஏழாவது ஆள்

என் டிரைவிங் ஸ்கூல் போர்டில் இரண்டு இறக்கைகளும் நடுவில் ஒரு பாராசூட்டும் வரைந்திருக்கும். ராணுவத்தில் ஐந்து முறை விமானத்திலிருந்து குதித்துத் தேறியவர்களின் நெஞ்சில் தைக்கும் சின்னம் அது. "சார் மிலிட்டரியா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதானே போட்டேன். அங்கே எனக்குப் பீரங்கி என்று பெயர், தொண்டை அப்படி. இப்போது அந்தத் தொண்டையை கிளட்ச் மிதிக்கத் தெரியாத ஜனங்கள்மேல் காட்டிப் பிழைக்கிறேன்.

போன மாதம் ஒரு நர்ஸம்மா பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டார். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"இப்படிப் பயந்து செத்தா எப்படிம்மா? நானெல்லாம் ஆயிரத்து இருநூறு அடியில குதிச்சவன்!" என்று கத்தினேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப உங்களுக்குப் பயமாவே இல்லையா சார்?"

"துளிகூட இல்ல" என்றேன்.

வாய் கூசாமல் சொன்ன பொய். முதல் நான்கு முறை நான் குதித்தது உண்மை. ஐந்தாவது முறை நான் குதிக்கவில்லை, என்னைத் தள்ளிவிட்டார்கள். தள்ளியவன் கொக்கு.

கொக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறடி இரண்டு அங்குலம், கழுத்து மட்டும் தனியாக அரை அடி. பயிற்சிப் பள்ளியில் எனக்கு அடுத்த கட்டில் அவனுடையது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டிரங்குப் பெட்டி, ஒரே பூட்டு, ஒரே ஷேவிங் பிரஷ். பயிற்சிக் கோபுரத்திலிருந்து முதல்முறை கயிற்றில் இறங்கிவிட்டு நான் வாந்தி எடுத்தபோது, என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "பீரங்கி நல்லாத்தான் வெடிக்குது மச்சான்" என்று சொன்னவன் அவன். வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. கூடப் பிறந்தவன்கூட அப்படி இருக்கமாட்டான்.

விமானத்துக்குள் பத்துப் பேர் வரிசையாக நிற்போம். தலைக்கு மேலே ஓடும் கம்பியில் ஆளுக்கொரு கொக்கியை மாட்டவேண்டும். குதித்ததும் அந்தக் கொக்கியின் பட்டைதான் பாராசூட்டை இழுத்து விரிக்கும். முதுகில் இருப்பது சரியாக மாட்டியிருக்கிறதா என்று நமக்கே தெரியாது. பின்னால் நிற்பவன்தான் பார்த்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டி எண்ணைக் கத்துவான். அவன் தட்டினால் அதற்குமேல் கேள்வியே இல்லை, உயிரை அவன் கையில் கொடுத்தாயிற்று. நான் ஏழாவது. எனக்குப் பின்னால் எட்டாவதாகக் கொக்கு.

பள்ளியில் இரண்டு விதிகள் கறார். கதவில் ஒருவன் நின்றுவிட்டால், பின்னால் இருப்பவன் அவனைத் தொடக்கூடாது. ஆசிரியரே நின்றவனை உள்ளே இழுத்து உட்காரவைப்பார், அத்தோடு அவன் கதை முடிந்தது. தள்ளிவிட்டது தெரிந்தால் அந்தக் குதிப்பு கணக்கில் சேராது, தள்ளினவனுக்கும் வீட்டுக்கு டிக்கெட். இன்னொன்று, முன்னால் போனவன் விலகும்முன் அவசரப்பட்டுப் பாயக்கூடாது. பாய்ந்தால் அதுவும் கணக்கில்லை.

ஐந்தாவது நாள் கதவருகே போனேன். நான்கு முறை போன அதே கதவுதான். ஆனால் அன்றைக்குக் கீழே பார்த்துவிட்டேன். ஒரு குளம், அதன் கரையில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். அவ்வளவுதான், கால் என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு முன்னால் குதித்தவனின் பாராசூட் விரிந்ததா என்று ஆசிரியர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நொடிக்குள், என் முதுகில் ஒரு முழங்கால் இடித்தது. வெளியே போய்விட்டேன்.

இடித்த வேகத்தில் கொக்கும் நிலைதடுமாறி என்மேலேயே வந்து விழுந்தான். அவனுடைய பாராசூட் கயிறுகள் முறுக்கிக்கொண்டன. நான் மைதானத்தில் பூப்போல இறங்கினேன். அவன் சுழன்றுகொண்டே போய் கல்வெட்டாங்குழி ஓரத்தில் விழுந்தான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாள் விசாரணை. கொக்கை ஸ்ட்ரெச்சரிலேயே தூக்கிவந்தார்கள். எங்கள் ஆசிரியரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். "ஏன்டா அவன் மேலேயே விழுந்தே?" என்று கேட்டார்.

"அவசரப்பட்டுட்டேன் சார்" என்றான் கொக்கு.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "இவன் உன்னத் தொட்டானா?"

கொக்கு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"இல்ல சார்" என்றேன்.

இரண்டே வார்த்தை. அடுத்த வாரம் எனக்கு இறக்கை கொடுத்தார்கள். தையல்காரன் சட்டையில் அதைத் தைத்து முடிக்கும்வரை அவன் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வெட்கம்கெட்டவன். கொக்கு கால் தேறியதும், இனிக் குதிக்க லாயக்கில்லை என்று ஸ்டோருக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து வீட்டுக்குப் போனான். இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் மெக்கானிக் என்று காதில் விழுந்திருந்தது.

எங்கள் செட் வருஷம் ஒருமுறை கூடும். கொக்கு வந்ததே இல்லை. அந்தத் தைரியத்தில் ஒவ்வொரு வருஷமும் ஐந்தாவது குதிப்பைப் பற்றி நான் விட்ட கதைகளை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இந்த வருஷம் சலூன் போன் செய்தான். பட்டாளத்தில் எல்லோருக்கும் முடிவெட்டி அந்தப் பெயர் வாங்கியவன் அவன்.

"மச்சான், இந்தத் தடவ கொக்கு வரான். குடும்பத்தோட வந்துரு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனைவி கேட்டுவிட்டாள். இடுப்பு வலி, போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நாள் பூரா கார்ல உக்காந்து கத்தும்போது வராத இடுப்பு வலி இப்ப எங்கேருந்துங்க வருது?" என்றாள். மகளும் கிளம்பிவிட்டாள். அப்பாவின் இறக்கையைப் பள்ளிக்கூடத்தில் காட்டிப் பெருமையடித்தவள் அவள்.

வாடகைக்கு எடுத்த சின்ன ஹால். கொக்கு கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தான். எல்லோரும் அவன்மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். டீ வந்ததும் வாத்தியார் எழுந்தார். எழுபத்தைந்து வயதாகியும் குரல் மட்டும் தளரவில்லை.

"என் சர்வீஸ்ல எத்தனையோ பயலுகளக் குதிக்க வச்சேன். கதவுல அவசரப்பட்டுக் காலை ஒடச்சுக்கிட்டது இந்த அவசரக் குடுக்க ஒருத்தன்தான்!"

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. என் மகளும் சிரித்தாள். எங்கள் ஆட்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொக்கின் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். அந்த அம்மா எத்தனை இடத்தில் இப்படிக் குனிந்திருப்பார்! இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

எழுந்தேன். பீரங்கிக்குக் குரலே வரவில்லை.

"வாத்தியாரே, அவன் அவசரப்படல. நான்தான் கதவுல நின்னுட்டேன். கால் நகரல. அவன் தள்ளித்தான் வெளிய போனேன். தொடலைன்னு நான் சொன்னது பொய்."

வாத்தியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மகள் பார்த்தாள், அது இன்னும் மோசம்.

சலூன்தான் பேசினான். "எங்களுக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"ஒம்பதாவதா நின்னது நான். எனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? அன்னிக்குச் சாயங்காலமே எல்லாருக்கும் தெரியும். கொக்குதான் வாயத் தெறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான்."

வருஷா வருஷம் நான் அளந்த கதைகளை இவர்கள் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார்கள். கைகூடத் தட்டியிருக்கிறார்கள். மானம் போனது என்றால் இதுதான். நான் கொக்கின் முன்னால் போய் நின்றேன்.

"மன்னிச்சுரு மச்சான். என்னால உன் இறக்க போச்சு."

"அட, விடுறா" என்றான். "தள்ளச் சொல்லி நீயா கேட்ட? நானாத்தான் தள்ளினேன். விசாரணையில நீ உண்மையச் சொல்லியிருந்தா ரெண்டு பேருக்குமே இறக்க இல்ல. ஒருத்தனாவது தேறட்டும்னுதான் நானே அப்படிச் சொன்னேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

எனக்கு மூச்சு திரும்பியது. அவன் முடிக்கவில்லை.

"நாப்பத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். ஞாயித்துக்கெழமையானா இவனுங்க எல்லாரும் வருவானுங்க. நான் வாசலையே பாத்துக்கிட்டிருப்பேன். பீரங்கிக்குக் காய்ச்சல்னு சொல்வானுங்க, அடுத்த வாரம் டியூட்டின்னு சொல்வானுங்க. நானும் நம்பினேன்." இடது காலை நீவிக்கொண்டான். "ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாம்டா நீ."

அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல்தான் போகவில்லை. அதை அவனிடம் எந்த வாயால் சொல்வது? அவனே என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். அவன் மனைவி எனக்கு ஒரு டீ எடுத்துக்கொடுத்தார்.

திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்.

"அந்த ஆஸ்பத்திரி ரொம்ப தூரமாப்பா?"

"இல்லம்மா" என்றேன். "நாங்க தங்கியிருந்த பாரக்குக்கு எதிர்லதான். ரோட்டத் தாண்டணும், அவ்வளவுதான்."