இரண்டு கேமராவுக்கு நடுவில் ஜுபைர்

இன்று எண்ணூர் சாலை டீக்கடையில் சந்தித்தது டிரெய்லர் ஓட்டுநர் ஜுபைரை! கன்டெய்னரை ஐந்து மணிக்குள் யார்டில் சேர்க்க வேண்டும். துறைமுக வரிசையைத் தாண்டவே மூன்று மணி நேரம் ஆகிவிட்டதால், சாலையின் முதல் வேகக் கேமராவைக் கடந்ததும் வண்டியை விரட்டிவிட்டார். பிறகுதான் உறைத்தது: இரண்டாவது கேமரா, நடுவில் ஆன நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைப் பிடித்துவிடும். இன்னொரு அபராதம் விழுந்தால் லைசென்ஸ் போய்விடும். சராசரி குறையட்டும் என்று இரண்டாவது கேமராவுக்கு முன்னாலேயே, இந்தக் கடையில் வண்டியை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி தவித்தார்.

"இன்னா மாமு, பறந்து வந்துட்டு டீ குடிச்சிகினு கீற?" என்று சீண்டினார் கடைக்காரர் சாலமோன்.

"வேகமா போனா புடிக்கிற கேமரா, மூணு அவர் கியூல நின்னத புடிக்காதா நைனா?"

மாலையில் ஜுபைர் போன் செய்தார். லைசென்ஸ் தப்பியது, ஆனால் அவர் போவதற்குள் யார்டு கேட்டை மூடிவிட்டார்களாம். அந்த வரிசையையும் யாராவது அளக்கட்டும், இதைத் தயவுசெய்து பகிருங்கள்!