சுவருக்குள் நின்றுவிட்ட சாரக்கம்பு

"வெளியார் எழுதிய எந்த நிரலும், அது மென்பொருளுக்குள் தங்கினாலும் சரி, அதை உருவாக்கும்போது மட்டும் பயன்பட்டாலும் சரி, உரிமம் சரிபார்க்கப்பட்ட பிறகே சேர்க்கப்படும்." எங்கள் திட்டத்தின் நான்காம் விதி இது. எழுதியவன் நான். வாழ்நாள் முழுக்கத் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவனுக்கு ஓய்வூதியம் கிடைக்கும், ஓய்வு கிடைக்காது.

திட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனையூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் என் மனைவியின் தம்பி, அவனுக்கு உதவியாக நான். கணினித் திரையில் இருக்கும் தமிழை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை அவன் எழுதினான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம் என்று திறமூலமாக வெளியிட்டான். எழுதியது அவன் மகளுக்காக. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலிருந்தே பார்வை இல்லை.

அரையாண்டுத் தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். கணக்குப்பதிவியல் விடைகளில் பாதி வரிகளைத் தேவையில்லை என்று அந்தப் பெண்ணே முடிவுசெய்து விட்டுவிட்டாள். பொதுத்தேர்வை இந்த மென்பொருளை வைத்துத் தானே தட்டச்சு செய்து எழுதுவேன் என்று எங்கள் வீட்டுப் பெண் பிடிவாதமாக நின்றாள். தேர்வுத் துறைக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினோம். மென்பொருளின் ஒவ்வொரு பகுதிக்கும் முறையான உரிமம் உண்டு என்று மைத்துனன் கையெழுத்திட்டு உறுதிமொழி கொடுத்தான்.

பிப்ரவரியில் ஒரு மதியம், பொழுது போகாமல் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தேன். உருவாக்கும்போது மட்டும் பயன்படும் கருவிகளை அவன் உரிமப் பட்டியலில் சேர்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்டதற்குச் சிரித்தான்.

"வீடு கட்டி முடிச்சதும் சாரத்தப் பிரிச்சுருவாங்க மச்சான். அதுக்குமா பத்திரம் பாப்பீங்க?"

நான் பார்த்தேன். எழுத்தை ஒலியாக்கும் அட்டவணையை நிரலாக மாற்ற அவன் ஒரு கருவியை வைத்திருந்தான். அது இணையத்திலிருந்து இன்னொன்றை இழுத்தது. அது மூன்றாவதாக ஒன்றை. அந்த மூன்றாவது கருவி, தான் உண்டாக்கும் நிரலுக்குள் தன் சொந்த வரிகளையும் ஒட்டிவிட்டுப் போயிருந்தது. சாரக்கம்பை உள்ளே வைத்தே சுவரைப் பூசியிருந்தார்கள். அதற்கு உரிமம் எதுவும் போடப்படவில்லை. போடாவிட்டால் பொதுச்சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. அனுமதி எழுதப்படாதவரை அனுமதி கிடையாது.

 பொய்யான உறுதிமொழிக்கு என்ன நடக்கும் என்பதை மேசைக்கு மறுபக்கத்திலிருந்து பார்த்தவன் நான். நிரலை மாற்றி எழுதலாம்தான். ஆனால் அனுமதி, சோதித்துப் பார்த்த அந்தப் பதிப்புக்கு மட்டுமே. ஓர் எழுத்தை மாற்றினாலும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்; தேர்வுக்குள் அது முடியாது.

அந்தக் கருவியை எழுதியவரைத் தேடினோம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புனைபெயர். அந்தப் பக்கத்தில் சில ஆண்டுகளாக ஆள் நடமாட்டமே இல்லை. இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினோம். பதில் இல்லை. மறுபடி எழுதினோம்.

"பேசாம விட்ருவோம் மச்சான். யாருக்குத் தெரியப் போகுது?"

"யாரும் பிரிச்சுப் பாக்கலாம்னு போர்டு மாட்டுனது நீதான மாப்ள."

 அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. வாசலில் பைக் நின்றாலே ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். தபால்காரரைக் கண்டால் உள்ளே போய்விடுவேன். இரண்டு வீட்டிலும் பேச்சு குறைந்தது. உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் தயாரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கொடுத்தால் அவளுடைய அனுமதி போகும். கொடுக்காமல் பின்னால் பிடிபட்டால், எழுதிய தேர்வே போகும்.

நாங்கள் குசுகுசுவென்று பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. படிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "குடுத்துருங்க மாமா. எழுதிட்டு ரிசல்ட் வரைக்கும் பயந்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

மறுநாளே பஸ் பிடித்துப் போய்க் கொடுத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். இப்படித் தாமாக வந்து யாரும் சொன்னதில்லை என்றார். உரிமம் கிடைக்கும்வரை மென்பொருள் கூடாது, ஆள் வைத்து எழுதட்டும், கிடைத்ததும் கொண்டுவாருங்கள், அடுத்த பாடத்திலிருந்து பார்ப்போம் என்றார். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

தமிழ்த் தேர்வை ஆள் வைத்துத்தான் எழுதினாள். மையத்தின் வாசலில், வெயிலில் நின்றோம். வெளியே வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று அவள் அப்பா கேட்டான்.

"நான் சொன்னேன். அவங்க எழுதுனாங்க. என்ன எழுதுனாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆங்கிலமும் அப்படியே போயிற்று. அடுத்தது கணக்குப்பதிவியல். முன்பு பாதி வரிகள் காணாமல் போன பாடம். தேதி நெருங்க நெருங்க அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். மைத்துனன் கைப்பேசியைக் கீழே வைக்கவே இல்லை. எனக்கோ, நான் எழுதிய நான்காம் விதியே மனப்பாடமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, கோர்ட்டில் வாசிக்கப்படுவதைப் போல.

பிறகு அந்தப் புனைபெயர்க்காரரிடமிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. இதை யாராவது பயன்படுத்துவார்கள் என்று நினைக்கவே இல்லை. உரிமம் சேர்த்துவிட்டேன், தாராளமாகப் பயன்படுத்துங்கள். அச்செடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன். படித்துவிட்டு, நாளைக்கு அவளே தட்டச்சு செய்யட்டும் என்றார். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக என் பிரதியிலும் முத்திரை குத்தச் சொன்னேன். மை சரியாகப் பதியவில்லை. இன்னொரு முறை குத்தச் சொன்னேன். கணக்குப்பதிவியலுக்கு முந்தைய நாள், மார்ச் பதினொன்று.