கடலூர் மாப்பிள்ளையும் கோடிட்ட இடங்களும்

சிதம்பரத்தில் வீட்டிலேயே ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். புத்தகத்துப் பத்திகளில் எப்போதும் பனியும் ஆப்பிள் தோட்டமும்தான். அதனால் கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சிக்கு நம் ஊர்க் கதையை நானே எழுதிக் கொடுப்பேன்.

ஒருமுறை கடலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜித் தட்டைக் காலி செய்து, "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஆத்திரத்தை அடுத்த பயிற்சியில் கொட்டினேன். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா எப்படிப்பட்டவர், வாயே திறக்காத மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று கோடு போட்டு விட்டிருந்தேன். பிள்ளைகள் அம்மாவுக்கு ‘ஹங்ரி’ என்றும், மாப்பிள்ளைக்குத் திமிர் பிடித்தவர் என்ற பொருளில் ‘ப்ரௌட்’ என்றும் நிரப்பினார்கள். சந்தோஷமாக முழு மதிப்பெண் போட்டேன்.

ஒரு மாணவியின் அம்மா பெருமை தாங்காமல் அந்தத் தாளைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் அதில்தான் இருந்தார்கள்.

மாலையே மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார்.

"எங்கம்மாவுக்குப் போட்டது கரெக்டுங்க. எனக்குப் போட்டதுதான் தப்பு. அன்னிக்கு உங்கப்பாவே பேசிக்கிட்டிருந்தாரு. நான் பேச ஒரு கோடிட்ட இடம்கூட விடலீங்க. சம்மதம் சொல்லத்தான் அப்புறம் அவுருக்குப் போன் பண்ணேன். அப்பவும் அவுரே பேசிட்டு வச்சிட்டாரு."

எங்கள் கல்யாணம் முடிந்துவிட்டது. அடுத்தவர் மௌனத்தில் என் விடையை எழுதிவிடாமல், கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகுகிறேன். அப்பாவின் மகள் ஆயிற்றே, கஷ்டமாகத்தான் இருக்கிறது.