பழையாறு ஃபான்ட்டும் திருவிழா மைக்கும்

போன வாரம் குமரிக் கடற்கரையில் இனயம் என்ற ஊரில் ஒரு திருவிழா நாடகம் பார்த்தேன். நாடகம் பிரமாதம். வீட்டுக்கு வந்த பிறகும் வயிறு எரிந்துகொண்டே இருந்தது... சாப்பிட்ட மீன் மேல் பழி போட முடியாது. மனுஷர்கள்தான் காரணம்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அல்போன்ஸ் என் கல்லூரித் தோழன். இனயத்துக்காரன். வருஷா வருஷம் பங்குத் திருவிழாவுக்கு நாடகம் எழுதுவான். கடைசியாக எழுதிய நாடகத்தை வீட்டு கம்ப்யூட்டரில் தானே டைப் அடித்து முடித்தான். மேடையேறுவதற்குள் மாரடைப்பு வந்து போய்விட்டான். அந்த கம்ப்யூட்டரும் பின்னாலேயே பழுதானது. மிஞ்சியது ஒரு ஃபிளாப்பி.

இந்த வருஷம் அந்த நாடகத்தை மேடையேற்றியே தீர வேண்டும் என்று அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒரே பிடிவாதம். நாகர்கோவிலில் யாரோ ஃபிளாப்பியில் இருந்ததை சிடியில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஃபைலைத் திறந்தால்? டாலர், கேள்விக்குறி, கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்து... தமிழ் மட்டும் இல்லை.

"சாரே, எனக்க வீட்டுக்காரரு எழுதினது பூரா இதுக்குள்ளதான் கெடக்கு. ஒரு வரி வாசிக்க முடியல்லியே!" என்று போனில் அழுதார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யுனிகோடு வருவதற்கு முன்னால் இரண்டு தமிழர் சேர்ந்தால் மூன்று ஃபான்ட் செய்தார்கள் – நினைவிருக்கிறதா? ஒருவர் 'அ' வைத்த இடத்தில் அடுத்தவர் 'ஞ' வைப்பார். கேட்டால், அவன் வழியில் நான் ஏன் போக வேண்டும் என்பார். விளைவு? ஃபான்ட் தொலைந்தால் நாம் எழுதியதை நாமே படிக்க முடியாது. சொந்த எழுத்துக்குப் பூட்டுப் போட்டு, சாவியையும் தொலைத்த ஜனங்கள் நாம்தான்.

அல்போன்ஸ் டைப் அடித்தது 'பழையாறு' ஃபான்ட்டில். ஷேர்வேர், யாரும் இலவசமாக நகலெடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் எங்கள் மாவட்டத்தில் கல்யாண கார்டு, கோயில் நோட்டீஸ், கட்சி போஸ்டர், கண்ணீர் அஞ்சலி எல்லாமே பழையாறுதான். ஃபிளாப்பியில் கைமாறிக் கைமாறிப் பரவியது. அதனோடு வரும் கீபோர்டு புரோகிராமைத் திறந்தால் ஒரு பெட்டி வந்து நிற்கும்: 'பிடித்திருந்தால் ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள்.' கீழே கொட்டாரம் என்ற ஊரின் முகவரி. ஊரே ஓகே அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது.

இப்போது தேடினால் எந்தக் கடையிலும் பழையாறு இல்லை. நினைவிலிருந்த அந்த முகவரிக்கே போனேன். ஃபான்ட் செய்தவர் வீட்டில்தான் இருந்தார். ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி, வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர்? சொல்லப் போவதில்லை. காரணம் கடைசியில்.

விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் வெடித்தார்.

"வாரும் வே! இப்பதான் வழி தெரிஞ்சுதா? ஊரு பூரா எனக்க எழுத்துலதான் கல்யாணம் கெட்டினான், எனக்க எழுத்துலதான் செத்தான். ஒருத்தன் கார்டு போட்டானா?"

"ஒண்ணுகூடவா வரல்ல?"

"ஒண்ணு வந்துது. 'ஸ்ரீ' சரியா விழல்ல, ஒடனே திருத்தி அனுப்பணும்னு!"

சிரிப்பதா, அழுவதா?

பழையாறை யுனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டரும் அவரிடம் இருந்தது. அவரே எழுதியது. யாருக்கும் கொடுக்கவில்லை. ஃபான்ட்டைக் கொடுத்து வாங்கிய மரியாதையே போதும் என்றார். ஸ்டெல்லா போனில் அழுததை அப்படியே சொன்னேன். எழுந்து போய் கம்ப்யூட்டரைப் போட்டார்.

"செரி, மாத்தித் தாறேன். ஒண்ணும் வேண்டாம். நாடகத்தண்ணைக்கு மைக்குல எனக்க பேர ஒரு தடவ சொல்லணும். ஒரே ஒரு தடவ. நான் வந்து கேப்பேன்."

இவ்வளவுதானா! திருவிழாக் கமிட்டி செயலாளரிடம் சொல்லி, 'ஃபான்ட் உபயம்' என்று பெயரோடு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். "அதுக்கென்ன சாரே, ஜோரா சொல்லிரலாம்" என்றார்.

கன்வெர்ட்டர் கோட்டைவிட்ட இடங்களையெல்லாம் கொட்டாரத்துக்காரர் வரிவரியாகத் திருத்தினார். ஜெப வரிகளில் சந்தேகம் வந்தால் ஸ்டெல்லாவுக்கே போன் போட்டுக் கேட்டார். சைவக் குடும்பத்து மனுஷர், கடைசியில் பாதி ஜெபம் மனப்பாடமாகிவிட்டது என்றார்.

திருவிழா வந்தது. பஸ் மாறி பஸ் ஏறி, இஸ்திரி போட்ட வேட்டியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடற்கரை ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சீன் முடிந்ததும் திரையைப் போட்டுவிட்டு, யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று மைக்கில் வாசிப்பார்கள். அன்றும் வாசித்தார்கள். ஜெனரேட்டர் உபயம், மஸ்கட்டில் இருக்கும் ஒருவர். மேக்கப் சாமான் உபயம், அவர் மச்சான். நடிகர்களுக்கு புரோட்டா, வாழைக்குலை, கேக்... ஒவ்வொரு முறை திரை விழும்போதும் கொட்டாரத்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

கடலில் வழி தவறிய ஒருவன் அந்தோனியாரிடம் சண்டை போடும் நாடகம். கடைசி சீனில் சனம் எழுந்து நின்று கை தட்டியது. ஸ்டெல்லா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மங்களமும் பாடியாயிற்று.

அந்தப் பெயர் மட்டும் வரவில்லை.

மேடைக்குப் பின்னால் போய்ச் செயலாளரைப் பிடித்தேன். நான் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே?

"இருக்கு சாரே. அதுல ஃபான்ட்டுன்னுல்லா எழுதியிருந்துது? கேக்கு, வாழக்கொலை, ஜெனரேட்டர்னா வாசிச்சிரலாம். இது என்ன சாதனம்னு சனங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"அது இல்லைன்னா நாடகமே இல்லையேய்யா!" என்று கத்தினேன்.

"அது செரி... அதிருக்கட்டு சாரே. எனக்க வீட்டுலயும் பழைய ஃபைலு கொஞ்சம் கெடக்கு. அந்த கன்வெர்ட்டர ஒரு பென் டிரைவுல போட்டுத் தருவியளா? ஃப்ரீதானே?"

கொட்டாரத்துக்காரர் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாப் வரை அவர் கூடவே நடந்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. "விடும் வே. நான் பத்திரிகையில எழுதுத பத்தியில உம்ம பேரப் பெருசா போட்டிருதேன்" என்றேன்.

"போடப்பிடாது. நான் செஞ்சது அவங்களுக்கு. சொல்ல வேண்டியதும் அவங்கதான்."

பஸ் வந்தது. ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் போன் செய்தேன். கன்வெர்ட்டரை அழித்துவிட்டாராம். "நிம்மதியா இருக்கு வே" என்றார். எனக்கு அவர் குரலைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழையாறில் அடித்த ஃபிளாப்பி ஏதாவது கிடக்கிறதா?

கிடக்கட்டும்... ஃப்ரீயாக வந்ததுதானே!