கோச் சாரின் இடது காது

யார் என்ன குறை சொன்னாலும் காதக்காவுக்கு முதலில் சந்தேகம் வருவது காதின் மேல்தான். பிள்ளை பாடத்தில் பின்தங்குகிறதா, காதைப் பார்க்கவேண்டும். மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையா, மாமியாரின் காதைப் பார்க்கவேண்டும். பத்தொன்பது வருடமாகக் காது மருத்துவமனையில் செவிச் சோதனை செய்கிறவளுக்கு உலகம் அப்படித்தான் தெரியும். எல்லோரும் 'காதக்கா' என்றே கூப்பிட்டுப் பழகியதில், சொந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட ஆளே இல்லாமல் போய்விட்டது.

கல்யாணமான மூன்றாம் வாரமே கணவரைக் கொண்டுபோய்ச் சோதனைக் கூண்டில் உட்காரவைத்தவள் அவள். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர். நாலு தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்புவார். சோதனையில் இரண்டு காதும் சுத்தமாக இருந்தன.

"அப்ப நான் கூப்பிடறது?"

"கேக்குது. ஏதோ வேலை வெக்கப்போறேன்னு தெரியுது, அதான் திரும்பல" என்றார் அவர், வெட்கமே இல்லாமல். அன்றைக்குப் படித்த பாடத்தை அவள் நினைவில் வைத்திருந்தால் கோச் சார் விஷயத்தில் இவ்வளவு சுற்றியிருக்க வேண்டாம்.

கோச் சார் அவளுடைய மகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுப்பவர். பேரில்தான் சாஃப்ட். பந்து கைக்கு அடங்காத பருமன். மேலே பட்டால் நாலு நாள் நீலம் பாரித்திருக்கும். மகளுக்குப் பதினாலு வயது. மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் முகமூடியும் மார்க்கவசமும் போட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் இடது கை உறையில் வாங்குவது அவள் வேலை. முந்நூறு பெண்கள் வந்து பதினாறு பேர் தேறிய அணி அது. அதில் இடம் கிடைத்த அன்று மகள் தூக்கத்தில்கூடச் சிரித்தாள்.

மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி. பெற்றோர் வேலிக்கு வெளியே நிற்கலாம், வாயைத் திறக்கக்கூடாது. உள்ளே ஒரே ஒரு வாய்தான் திறந்திருக்கும்.

"உன் மண்டைக்குள்ள என்ன, களிமண்ணா? உனக்குப் பதிலா ஒரு சிமெண்டு மூட்டைய வெச்சிருந்தா பந்து அதுமேல பட்டாவது நின்னிருக்கும்!"

மூட்டை என்று சொல்லப்பட்டது அவள் பெற்ற பிள்ளை. காதக்காவுக்கு முதலில் வயிறு எரிந்தது. பக்கத்தில் நின்ற பல் டாக்டரோ தலையை ஆட்டி ரசித்தார். அணியில் பந்து வீசுகிறவள் அவருடைய மகள். நாள் முழுக்க 'வலிக்குதா, வலிக்குதா' என்று கேட்டுப் பிழைக்கிற மனிதர், சாயங்காலம் வேலிக்கு வந்துவிட்டால் வேறு ஆள்.

"அவர் திட்டறாருன்னா நம்ம பொண்ணுமேல நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம்மா. திட்டலன்னாதான் நாம கவலைப்படணும்" என்றார்.

வயிற்றெரிச்சல் தணிந்ததும் அவளுக்கு வேறொன்று குடைய ஆரம்பித்தது. வீட்டில் 'துண்டை ஏன் கட்டில்ல போட்ட' என்று கேட்டால் மூக்கைச் சிந்துகிற பெண், இங்கே இத்தனையையும் எப்படி வாங்கிக்கொள்கிறாள்? ஒருநாள் காலணியிலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த மகளிடமே கேட்டாள்.

"நான் எல்லாத்தையும் கேக்கமாட்டேம்மா. களிமண்ணு, மூட்டை எல்லாம் தோலு. 'முட்டிய இன்னும் மடக்கு'ன்னு நடுவுல ஒண்ணு வரும் பாரு, அதான் பருப்பு. அத மட்டும் உரிச்சு எடுத்துக்குவேன்."

"தோலு குத்தாதா?"

மகள் சற்று யோசித்தாள். "குத்தும். ஆனா பருப்பு நல்லா இருக்கும்மா. வேற யாருகிட்டயும் அது கிடைக்காது."

அது பொய்யில்லை. ஆறே மாதத்தில் அவள் ஆட்டம் எங்கேயோ போயிருந்தது. முன்பு நழுவவிட்ட பந்துகளை இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே வாரிக்கொண்டாள். காதக்காவுக்கு வியப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கட்டைவிரல் வந்து சேர்ந்தது. ஒரு வேகப்பந்து உறையின் ஓரத்தில் பட்டு, மகளின் இடது கட்டைவிரலைப் பின்னுக்கு மடக்கிவிட்டது. வெளியூர்ப் போட்டிக்கான பட்டியல் ஒட்ட இன்னும் இரண்டே வாரம். வேலிக்கு வெளியிலிருந்து காதக்கா பார்த்தாள்: மகள் கோச் சாரின் இடது பக்கம் போய் நின்று ஏதோ சொன்னாள். அவர் முகம் அசையவில்லை. மைதானத்தைப் பார்த்தபடியே, மட்டைக்குப் பின்னால் அவள் இடத்தில் போய் உட்கார் என்று கையைக் காட்டினார்.

"என்ன சொன்ன?" என்று வீட்டில் கேட்டாள்.

"'சார், கட்டைவிரல் வலிக்குது'ன்னேன். காதுல விழல போல. நீ எதுவும் கேட்டுடாத. லேசாத்தான் வலிக்குது. பட்டியல் வர நேரம்மா, ப்ளீஸ்."

காதில் விழவில்லை! இது போதாதா அவளுக்கு? ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மனிதர் ஏன் கத்துகிறார்? காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. உதவிப் பயிற்சியாளர் ஏன் எப்போதும் வலது பக்கமே நிற்கிறார்? இடது காது அவுட். இருபது வருட விசில் சும்மா விடுமா?

அடுத்த ஒரு வாரம் மனதுக்குள் வரைபடம் போட்டாள். செவிச் சோதனைத் தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி; குறி கீழே இறங்க இறங்கக் காது மந்தம் என்று அர்த்தம். அவருடைய நீலக் குறிகள் தாளின் அடிமட்டத்துக்குச் சரிவதாகக் கற்பனை செய்தாள். ஒருநாள் அவர் வேலியோரம் நிற்கும்போது இடப்பக்கமாகப் போய், "சார், ஷூ லேஸ் அவுந்திருக்கு" என்று மெல்லச் சொல்லியும் பார்த்தாள். மனிதர் திரும்பவே இல்லை. காதக்காவுக்குப் பரிதாபம் பொங்கியது. பாவம், நோயாளியைப் போய் மனதுக்குள் திட்டினோமே!

"காது சரியாயிட்டா கத்தறது நிக்கும், புள்ள சொல்றதும் கேக்கும்" என்று கணவரிடம் சொன்னாள்.

அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, "அவர் காது இருக்கட்டும். அவ விரலை நீ பாத்தியா?" என்றார்.

"லேசாத்தான் வலிக்குதாம்."

அதோடு அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

கோச் சாரை மருத்துவமனைக்கு வரவழைப்பது சுலபமாக இருந்தது. விசில் ஊதுகிறவர்களுக்குக் காது போய்விடும், ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எனக்கா? எறும்பு நடக்கறதே எனக்குக் கேக்கும் மேடம். எப்ப வரணும்?"

சனிக்கிழமை காலை, கழுத்தில் விசிலோடேயே வந்தார். "இதுல முழு மார்க் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டு கூண்டுக்குள் உட்கார்ந்தார். சத்தம் புகாத சின்ன அறை, நடுவே கண்ணாடி. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்து உட்கார்ந்தாள்.

வலது காது. அழுத்தினார். குறைத்தாள், அழுத்தினார். சிவப்பு வட்டங்கள் தாளின் உச்சியில் வரிசையாக நின்றன. சரி, நல்ல காது. இடது காதுக்கு மாற்றினாள். அழுத்தினார். இன்னும் குறைத்தாள். மூச்சுவிடுகிற சத்தத்துக்கும் கீழே கொண்டுபோனாள். அழுத்தினார். ஏமாற்றுகிறாரோ என்று சத்தமே கொடுக்காமல் காத்திருந்தாள். விரல் அசையவில்லை. கொடுத்தாள். அழுத்தினார்.

நீலக் குறிகள் சிவப்புக்குப் பக்கத்திலேயே, உச்சியில் நின்றன. பத்தொன்பது வருடத்தில் அவள் பார்த்த மிகச் சிறந்த காதுகளில் ஒன்று.

காதக்கா பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெருமையாக உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். கேட்டிருக்கிறது. எல்லாமே கேட்டிருக்கிறது.

அடுத்தது சொல் சோதனை. சோதிப்பவர் வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு மைக்கில் மெல்லிய குரலில் சொல்வதைக் கேட்பவர் திருப்பிச் சொல்லவேண்டும்.

"படகு" என்றாள்.

"படகு."

"மாடிப்படி."

"மாடிப்படி."

"ஜன்னல்."

"ஜன்னல்."

அவள் குரலை இன்னும் இறக்கினாள். இடது காதுக்கு மட்டும் கொடுத்தாள்.

"சார், கட்டைவிரல் வலிக்குது."

"சார், கட்டைவிரல்..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். பொத்தானை மடியில் வைத்தார்.

வெளியே வந்தவர் உட்காரவில்லை. "மூணு தடவை சொன்னா" என்றார் அவராகவே. "ஒருத்தி வலிக்குதுன்னு சொல்லி உக்காந்தா, மறுநாள் பதினாறு பேருக்கும் வலிக்கும் மேடம். எங்களையும் அப்படித்தான் வளத்தாங்க."

மூன்று தடவை! தன்னிடம்கூட மகள் ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள்.

"சார், உங்க காதுல குறையே இல்ல" என்று காதக்கா தாளை நீட்டினாள். "நான்தான் பத்து நாளா அவ விரல விட்டுட்டு உங்க காதப் பிடிச்சுத் தொங்கிட்டிருந்தேன். எனக்கும்தான் கேட்டுச்சு, நானும்தான் பாக்கல. இன்னிக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுக்கப்போறேன். அணியில இருந்து எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க."

முந்நூறு பேரில் கிடைத்த இடம். மகள் தூக்கத்தில் சிரித்த இடம். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

எலும்பில் முடி போல ஒரு விரிசல். மூன்று வாரம் கட்டு. மகள் அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை. திங்கட்கிழமை மைதானத்துக்குப் போகும்போது மட்டும், "இடம் போச்சுன்னா நான் உன்கூட எப்பவும் பேசமாட்டேன்" என்றாள்.

வேலிக்கு உள்ளே போய்க் கட்டுப் போட்ட கையை நீட்டி நின்றாள். கோச் சார் அதைப் பார்த்தார். பிறகு மைதானமே அதிரும்படி, "வெளியூர்ப் போட்டிக்கு நீ வரல! ஸ்கோர் நோட்ட எடுத்துட்டு இங்க வந்து உக்காரு! விரல் ஆறினதும் உன் இடத்துல நீதான்!" என்று கத்தினார். போட்டி போனது, இடம் நின்றது. மகள் அழுகையும் சிரிப்புமாக நோட்டை எடுத்துக்கொண்டாள். எது தோல், எது பருப்பு என்று வேலிக்கு வெளியே நின்றவளுக்குக்கூட அன்று விளங்கியது.

அவர் அதோடு விடவில்லை. பதினாறு பேரையும் வரிசையில் நிறுத்தினார்.

"யாருக்காவது எங்கயாவது வலிக்குதா?"

ஒரு கை எழவில்லை. இன்னும் உரக்கக் கேட்டார். பெண்கள் நேராகப் பார்த்தபடி நின்றார்கள். நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார் மனிதர். அவர் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். அடுத்து அவர் கேட்டது வேலிவரைக்கும் வரவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

முதலில் ஒரு கை எழுந்தது. அப்புறம் ஒன்று. காதக்கா எண்ணினாள். ஏழு.

பக்கத்தில் பல் டாக்டர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். வரிசையின் கடைசியில் அவர் மகளும் கையைத் தூக்கியிருந்தாள்.

"எம் பொண்ணு வலது கைக்காரியாச்சே. எதுக்கு இடது கையத் தூக்கறா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினார். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்ற விதி அன்றும் இருந்தது. கோச் சார் விலகி அவருக்கு வழிவிட்டார்.