குரோம் தொட்டியில் நின்ற பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்... நுரையீரல். வயது நாற்பத்தாறு.

எனக்குச் செய்தி தெரிந்ததே முதலாளியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான். மெழுகுவர்த்திப் படம், கீழே "எங்கள் நிறுவனத்தின் தூண் சாய்ந்தது" என்று ஒரு வரி.

தூணாம்! போனைச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருமயம் ரோட்டில் ஒரு பிளேட்டிங் பட்டறை. சைலன்சர், பம்பர், பித்தளைச் சாமான் எதைக் கொடுத்தாலும் நிக்கலோ குரோமோ ஏற்றிப் பளபளவென்று தருவார்கள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு மூன்று வருடம் அங்கே இருந்தேன். அங்கே நிக்கல் தொட்டியில் வேலை பார்த்த அக்கா எட்டாவது வரை படித்தவர், ஊர் மணமேல்குடிப் பக்கம்.

சேர்ந்த முதல் வாரமே அக்காவிடம் பந்தா காட்டினேன். பிளஸ்ஸில் இருக்கும் நிக்கல் தகடு இரண்டு எலெக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரையும், மைனஸில் தொங்கும் சாமானிடம் போய் இரண்டை வாங்கிக்கொண்டு மறுபடி உலோகமாக ஒட்டிக்கொள்ளும் என்று ஒரே லெக்சர்.

"அதெல்லாம் சரிங்க சார்... சாமானை மைனஸ்ல மாட்டணும், அம்புட்டுத்தானே?" என்று சிரித்தார்.

அந்த அம்புட்டைத்தான் நான் கோட்டை விட்டேன்.

ஆயுத பூஜைக்கு ஒயர்களையெல்லாம் கழற்றித் துடைத்து, முனைக்கு முனை சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். சிவப்புப் பட்டை போட்ட ஒயர்தான் பிளஸ். பூஜை முடிந்து நான் மாட்டும்போது இரண்டுமே சிவப்பு... துடைத்துப் பார்க்கவில்லை.

தொட்டியில் அன்று இறக்கியது ஆவுடையார்கோவிலிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு. நிக்கல் ஏறவேண்டிய விளக்கு தானே எலெக்ட்ரானை இழந்து கரைந்துகொண்டிருந்தது. வெளியே எடுத்தபோது உடம்பெல்லாம் குழி. தொட்டி மருந்தும் பாழ்.

"எவன்டா மாட்டுனது?" என்று முதலாளி கத்தினார்.

"நாந்தாங்க. மாத்தி மாட்டிட்டேன்" என்றார் அக்கா.

சிங்கப்பூர் வேலைக்கு எனக்கு அந்தப் பட்டறையின் அனுபவச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அது அக்காவுக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"இனிமே நிக்கல் பக்கம் வராத. அங்கிட்டுப் போயி குரோம்ல நில்லு" என்றார் முதலாளி. அன்றைக்குப் போனவர்தான். ஒன்பது வருடம்.

குரோம் தொட்டி என்னவென்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேனே. அதில் இருப்பது ஆறு எலெக்ட்ரானை இழந்த குரோமியம். எங்கே எலெக்ட்ரான் கிடைத்தாலும் பிடுங்கும். கரண்ட் விட்டதும் தொட்டி நுரைத்து மஞ்சளாகப் புகையும். மூச்சில் போனால் மூக்குச் சதையிடமும் நுரையீரலிடமும் பிடுங்கும்.

சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக. ஒயரே கொடுக்கவில்லை. தொட்டி தொட்டியாகக் கரண்ட் விடுகிற பட்டறையில் அந்த ஃபேனுக்கு மட்டும் ஒரு முழ ஒயர் கிடைக்கவில்லை! அக்கா கேட்டதற்கு முதலாளி சொன்ன பதில்: "முந்தானையை மூக்குல கட்டிக்க."

சிங்கப்பூரிலிருந்து போன லீவில் வந்தபோது அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் கொண்டுபோனது ஒரு சென்ட் பாட்டில்.

"மூக்குக்குள்ள ஓட்டை விழுந்துருச்சு தம்பி. வாசனையே தெரியல. மீன் கொழம்பு வச்சாக்கூட கருகிருச்சான்னு புள்ளைகள்ட்டதான் கேக்குறேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, அடிச்சு விடு. நல்லாருக்கும்னு நெனச்சுக்குறேன்" என்று கையை நீட்டினார்.

அப்போதாவது முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளிமேல் வருகிற கோபத்தில் பாதி என்மேல்தான்.

முதலாளி, நீங்கள் என் ஃபிரெண்ட் லிஸ்டில் இருக்கிறீர்கள், இதைப் படிப்பீர்கள். அந்த ஸ்டேட்டஸைத் தூக்குங்கள். இப்போது அந்தத் தொட்டியில் யாரை நிறுத்தியிருக்கிறீர்கள்? இன்றைக்கே அந்த ஃபேனுக்கு ஒயர் கொடுங்கள்.

அப்புறம் அந்தக் குத்துவிளக்கு...

நாந்தாங்க. மாத்தி மாட்டுனது நாந்தாங்க.

போயிட்டு வாங்கக்கா.